திரும்பி நின்ற சார்ஜர்

கண்ணை மூடிக்கொள்வது லேசு, மூடின கண்ணோடு காவல் இருப்பதுதான் பெரும்பாடு. கலிஸ்டஸ் சாய்வு நாற்காலியில் மல்லாந்து கிடக்கிறார், வாயைக் கொஞ்சம் திறந்து வைத்திருக்கிறார், நடுநடுவே ஒரு குறட்டைகூட விட்டுப் பார்க்கிறார், அது குறட்டை மாதிரி இல்லை, பைப்பில் காற்று அடைத்த மாதிரி இருக்கிறது, சரி போகட்டும், யார் வந்து கேட்கப் போகிறார்கள். வீட்டில் இருப்பதே இரண்டு பேர், அவரும் பிலோமியும். பிலோமி அடுக்களையில் தேங்காய் துருவுகிறாள், நாளைக்கு மகள் வருகிறாளே, பலகாரத்துக்கு. வெளியே ஆடிக் காற்று உப்பளத்துப் பக்கமிருந்து மண்ணை அள்ளிக்கொண்டு வந்து சன்னலில் வீசுகிறது. எதிரே கண்ணாடி அலமாரி, அலமாரிக்குள் அவர் சேர்த்த குட்டிக் கார்கள். சாப்பிட்டுக் கை கழுவினதும் முன்னால் போய் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தாயிற்று, எல்லாம் மூக்கை வெளியே நீட்டிக்கொண்டு, முன்சக்கரத்தை ஒரு துளி இடப்பக்கம் ஒடித்துக்கொண்டு, நிறுத்தின இடத்தில் நிற்கின்றன. இனி எவன் வருகிறான், எவன் தொடுகிறான், இன்றைக்கு ஒரு கை பார்த்துவிடலாம். பேயாக இருந்தாலும் சரி. பேயாக இருந்தால் எவ்வளவோ தேவலை. பேயும் இல்லை பிசாசும் இல்லை, நீயேதான் எழுந்து வந்து மாற்றி வைக்கிறாய் என்று ஆகிவிட்டால் என்ன செய்வாய் கலிஸ்டஸ், முதலில் அதைச் சொல்லு. அதற்குத்தான் இந்தக் காவல். இன்று மத்தியானம் தூங்கினால் தன் பெயர் கலிஸ்டஸ் இல்லை என்று சொல்லிக்கொள்கிறார், சொல்லிவிட்டு உடனே பதறுகிறார், பெயரை வைத்து இப்போது பந்தயம் கட்ட வேண்டாம்.

தவசுகாலத்தில்தான் ஆரம்பித்தது, ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பில். சாம்பல் புதன் கழிந்து சில நாள் இருக்கும். மத்தியானத் தூக்கம் தெளிந்து எழுந்து வந்து வழக்கம்போல அலமாரியைப் பார்க்கிறார், அறுபத்தொன்பதாம் வருஷத்து டாட்ஜ் சார்ஜர் கார், கறுப்பு, அவர் சேர்த்ததிலேயே ராஜா, சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது. அதன் பின்பக்கத்துச் சிவப்பு விளக்குகள் இரண்டும் அவரைப் பார்க்கின்றன. வேறு எந்த நாளாக இருந்தாலும் வீடு இரண்டுபட்டிருக்கும். அவர் தொண்டை அப்படி. வாலிபம் பூராவும் கப்பல் எஞ்சின் ரூமில் ஃபிட்டர் வேலை, அங்கே பக்கத்தில் நிற்கிறவனிடம் தீப்பெட்டி கேட்பதற்கே கத்த வேண்டும், கரைக்கு வந்த பிறகும் அந்தச் சத்தம் இறங்கவே இல்லை. அலமாரிக் கண்ணாடியில் ஒரு விரல் ரேகை பட்டுவிட்டால் போதும், 'எவட்டி தொட்டது' என்று அவர் போடுகிற போட்டில் எதிர்வீட்டு நாய் எழுந்து அடுத்த தெருவுக்குப் போய்விடும். பிலோமி மட்டும் அசைய மாட்டாள், 'ஆமா, நாந்தான் ஓட்டிக்கிட்டு மார்க்கெட்டுக்குப் போனேன்' என்பாள். அப்படி ஒரு குடும்பம். அன்றைக்கும் வாய் திறந்தது, மூச்சு உள்ளே போயிற்று, நெஞ்சு விரிந்தது. சத்தம் மட்டும் வரவில்லை. யார் தொட்டது, யார் மாற்றி வைத்தது. அந்தப் பேச்சு நாக்கு நுனிக்கு வந்ததும் அது அவருடைய குரலில் வரவில்லை, பெர்க்மான்ஸ் அண்ணன் குரலில் வந்தது. வாயை மூடிக்கொண்டார். மெல்லிய துணியை எடுத்து, சார்ஜரைப் பூப்போலப் பிடித்து, நேராக்கி வைத்துவிட்டு, அடுக்களை வாசலில் போய் நின்று காப்பி இருக்கா என்று கேட்டார்.

பெர்க்மான்ஸ் அண்ணனுக்கு இப்படித்தானே தொடங்கியது. மூக்குக்கண்ணாடியை யார் எடுத்தது. சாவியை யார் மாற்றி வைத்தது. எலிசா மதினியில் தொடங்கி வாசலுக்கு வருகிற மீன்காரி வரைக்கும் ஒருத்தரை விடவில்லை, எல்லாரையும் திருடியாக்கினார். பார்த்தால் கண்ணாடி அரிசிப் பானைக்குள், சாவி சவரப் பெட்டிக்குள். வைத்தது அவரேதான். வைத்த கைக்கே தெரியாது. பூசையில் காணிக்கைத் தட்டு வந்தபோது சட்டைப் பையிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்துப் பயபக்தியாகப் போட்டார், பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள், கலிஸ்டஸும் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வருகிற வரைக்கும் சிரித்தார். பாவி, அன்றைக்குச் சிரிக்காமல் இருந்திருக்கலாம். அப்புறம் சிரிக்க ஒன்றும் மிச்சம் இல்லை. ஒரு நாள் விளக்கு வைக்கிற நேரத்தில் அண்ணன் மதினியைப் பார்த்து, 'டீச்சர், நேரமாச்சு, வீட்ல தேடுவாங்க, கெளம்புங்க' என்றார். தாலி கட்டின பெண்டாட்டியை. மதினி வாசல்வரை போய் நின்றுவிட்டு, செருப்பை மாட்டி, சத்தம் கேட்கக் கழற்றிவிட்டு, புதிதாக வருகிறவளைப் போல மறுபடியும் உள்ளே வந்தாள், அதைக் கலிஸ்டஸ் தன் கண்ணால் பார்த்தார். கடைசியில் அவரையே பார்த்து அண்ணன் கேட்டது, 'தம்பி நீங்க எந்தக் கப்பல்?' ஒரே பாயில் படுத்து, ஒரே தட்டில் தின்று வளர்ந்த தம்பியைப் பார்த்து. எந்தக் கப்பலென்று சொல்ல. சொன்னார், ஏதோ ஒரு கப்பல் பேரைச் சொன்னார், அண்ணன் தலையை ஆட்டினார், 'நல்ல கப்பல், சாப்பாடு நல்லாருக்கும்' என்றார். அந்த முகத்தில் ஒரு வேதனையும் இல்லை, அதுதான் பயம், வேதனை இருந்தால்கூட உள்ளே ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். அப்பாவுக்கும் கடைசிக் காலத்தில் இப்படி ஏதோ இருந்தது என்பார்கள், வயசானால் அப்படித்தான் என்று அந்தக் காலத்தில் விட்டுவிட்டார்கள். அப்பா, அப்புறம் அண்ணன், அப்புறம். வேண்டாம். அந்தப் பக்கம் போக வேண்டாம். அடுக்களையில் துருவல் சத்தம் நின்றுவிட்டதோ. இல்லை, அடுத்த மூடியை எடுத்திருக்கிறாள்.

சார்ஜரோடு போயிருந்தால் கை தவறி வைத்துவிட்டோம் என்று விட்டிருக்கலாம். அடுத்து ஆரஞ்சுக் கலர் பாரகுடா திரும்பி நின்றது. அப்புறம் பச்சை நிற ஜி.டி.ஓ., அதன் முன்மூடி வேறு திறந்து கிடந்தது, பல் டாக்டர் முன்னால் உட்கார்ந்தவன் மாதிரி. ஒவ்வொரு தடவையும் மத்தியானத் தூக்கத்துக்குப் பிறகு. ஒவ்வொரு தடவையும் வாய் திறக்கும், மூச்சு போகும், அண்ணன் குரல் கேட்கும், மூடிக்கொள்வார். துணி, பூப்போல, நேராக்கு, காப்பி. யாரிடம் கேட்பது. நான் மாற்றி வைக்கிறேனா என்று எவனாவது போய்ப் பெண்டாட்டியிடம் கேட்பானா. கேட்டால் அந்தக் கேள்வியே போதாதா. பிலோமியும் இப்போது முன்னைப்போல இல்லை, காப்பி டம்ளரைக் கொடுத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள், எதையோ எதிர்பார்க்கிற மாதிரி. 'என்ன' என்றால் 'ஒண்ணுமில்ல, நீங்கதான் ஏதும் சொல்லுதியளோன்னு பாத்தேன்' என்கிறாள். 'நான் என்ன சொல்ல.' 'ஒண்ணும் சொல்ல இல்லையா?' 'ஒண்ணும் இல்ல.' போய்விடுவாள், போய் அடுக்களையில் மூக்கை உறிஞ்சுவாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவர் தூக்கத்தில் எழுந்து போவதை அவள் பார்த்திருக்கிறாள், சொல்லச் சங்கடப்படுகிறாள். இல்லையென்றால் மதுரையிலிருந்து ஜெசிந்தா ஏன் போன் பண்ண வேண்டும், அப்பா சும்மா ஒரு செக்கப்புப்பா, நல்ல டாக்டர்ப்பா, மூளைக்குன்னே படிச்சவருப்பா, ஒரு ஸ்கேன்தான்ப்பா, ஏன் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு ப்பா போட வேண்டும். வர மாட்டேன் என்றார். சத்தம் போடாமல், சாதாரணமாகச் சொன்னார். அந்தப் பக்கம் மகள், நான் செவ்வாய்க்கிழமை கார் எடுத்துட்டு வரேன், நேர்ல பேசிக்கலாம் என்று வைத்துவிட்டாள். நாளைக்குச் செவ்வாய்க்கிழமை. அந்த டாக்டர் படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, இங்க பாருங்க, இங்க கொஞ்சம் சுருங்கியிருக்கு என்று சொல்லிவிட்டால் அப்புறம் அதைத் திருப்பி வாங்க முடியாது. அண்ணனுக்கும் அப்படித்தான் ஒருவர் சொன்னார், அண்ணன் அந்தப் படத்தை எட்டிப் பார்த்துவிட்டு காலிபிளவரா என்று கேட்டார். இன்றைக்கு மட்டும் கையும் களவுமாக ஒரு ஆளைப் பிடித்துவிட்டால் போதும், டாக்டரும் வேண்டாம், படமும் வேண்டாம், மாதாவே, ஒரு எலியாவது வந்து அந்தக் காரைத் திருப்பட்டும்.

சரி, மூளை இருக்கிறதா இல்லையா, வீட்டிலேயே பரீட்சை வைத்துக்கொள்ளலாம். கண்ணைத் திறக்காமல் மேல்தட்டை இடப்பக்கமிருந்து சொல்லு பார்ப்போம். முதலில் ஃபோர்டு மஸ்டாங், அறுபத்தேழு, நீலம், வெள்ளைக் கோடு. அடுத்து செவர்லே கமாரோ. அடுத்து செவெல், சிவப்பு, எழுபதாம் வருஷம். அடுத்து. அடுத்து பாரகுடா. இல்லை இல்லை, செவெலுக்கும் பாரகுடாவுக்கும் நடுவில் ஒன்று நிற்கிறதே, பழைய தங்க நிறம், பெட்டியிலிருந்து எடுத்தபோது ஒரு பக்கக் கண்ணாடி கழன்று கிடந்து அதைக் குண்டூசி முனையில் பசை தொட்டு ஒட்டினார், பின்பெட்டிக்குள் சின்னக் கம்பளம்கூட விரித்திருப்பான், உதிரிச் சக்கரம் படுத்திருக்கும், அது என்ன கார். வாயில் இருக்கிறது. ஓ-வா, போ-வா, என்னமோ ஒரு சத்தத்தில் தொடங்கும். கண்ணைத் திறந்து பார்த்தால் அலமாரியில் அதன் மூக்கிலேயே எழுதியிருக்கும், ஆனால் திறந்து பார்த்தால் தோற்றுப் போனதாக ஆகிவிடும். விடு. அதை விட்டுவிட்டு மற்றதைச் சொல்லு. பாரகுடா, ஜி.டி.ஓ., ஓரத்தில் சார்ஜர். நடுவில் அது. அதன் பேர். நெற்றியில் வேர்க்கிறது. அண்ணன் இப்படித்தான் தெர்மாஸ் பிளாஸ்கைக் கையில் பிடித்துக்கொண்டு, இது, இது, இந்தச் சூடு போட்டு வைக்கிறது என்று கண்ணில் நீர் முட்ட நின்றார், அப்போது இன்னும் வேதனை இருந்தது. இருக்கட்டும், வேறு எதையாவது நினை, அதுவே வரும். ஜெசிந்தா பிறந்த வருஷம் எந்தக் கப்பலில் இருந்தாய். தெரியும். சார்ஜர் எந்த ஊரில் வாங்கினாய். தெரியாமலா, அமெரிக்காவில், சவன்னா துறைமுகம்.

சவன்னாவில் மழை பெய்து விட்டிருந்தது. கப்பல்காரர்களைக் கடைக்குக் கூட்டிப்போக மாதாகோயில் சங்கத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரத் தாத்தா வருவார், அன்றைக்கு வேன் பழுது என்று சொந்தக் காரையே எடுத்து வந்திருந்தார். கறுப்பு சார்ஜர், நிஜமான சார்ஜர், துறைமுக வாசலில் நின்றுகொண்டு மெதுவாக உறுமிக்கொண்டிருந்தது. கலிஸ்டஸுக்குத் தெரிந்த எஞ்சின் எல்லாம் மூன்று மாடி உசரம், ஏணி போட்டு ஏறி எண்ணெய் விடுவது, ஒரு சுற்று சுற்றுவதற்குள் ஒரு மூச்சு விட்டுவிடலாம். இது கட்டிப்பிடித்தால் கைக்குள் அடங்கிவிடும் போல இருக்கிறது, ஆனால் தாத்தா காலை ஒரு அழுத்து அழுத்தினதும் முதுகு போய் சீட்டில் ஒட்டிக்கொண்டது, வயிறு பின்னால் தங்கிவிட்டது, கலிஸ்டஸ் அம்மா என்று அலறிவிட்டார், தாத்தா விழுந்து விழுந்து சிரித்தார். அந்தக் காலத்து அமெரிக்காக்காரன் இளவட்டங்களுக்காகப் பண்ணின வேலை, குடும்பம் போகிற காருக்குள் பந்தய எஞ்சினைத் தூக்கி வைத்துவிட்டான், மஸ்ஸில் கார் என்று பேர், புஜபலக் கார். அன்றைக்கே கடையில் அதே காரைக் குட்டியாக, பதினெட்டில் ஒரு பங்காக, வார்த்து வைத்திருந்ததைப் பார்த்தார். கேபினுக்குக் கொண்டுவந்து கட்டில் விளக்கு வெளிச்சத்தில் முன்மூடியைத் திறந்தார். உள்ளே எஞ்சின். பிளக்குகளுக்குப் போகிற வயர் ஒவ்வொன்றும் முடி கனத்தில் தனித்தனியாக ஓடுகிறது, ரேடியேட்டருக்கு ரப்பர் குழாய் இருக்கிறது, குழாய்க்குக் கவ்வி இருக்கிறது. ஃபிட்டர் வேலை பார்த்த மனுஷனுக்கு அப்புறம் தூக்கம் வருமா. ஊருக்கு வந்து சூட்கேசைத் திறந்தபோது சொந்தபந்தம் எல்லாம் சுற்றி உட்கார்ந்திருக்கிறது, சென்ட்டு வந்தது, நைலக்ஸ் சேலை வந்தது, எல்லாருக்கும் சிரிப்பு, கடைசியில் இந்தப் பெட்டி வந்தது. 'இது எந்தப் புள்ளைக்கு மருமகனே?' என்று மாமியார் கேட்டார். எனக்குத்தான் அத்தை என்று சொல்வதற்கு அவர் கொஞ்சமாவது கூச்சப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. அதற்கப்புறம் அமெரிக்கத் துறைமுகம் போகிற ஒவ்வொரு பயணத்துக்கும் ஒன்று. 'காராம் காரு, ஒரு நாளு கோயிலுக்கு உக்காந்து போக முடியுமா இதுல' என்று பிலோமி கேட்பாள், 'ஏட்டி, இது பாக்குறதுக்குட்டி' என்பார், 'என்னைய என்னத்துக்குக் கட்டுனிய' என்பாள். அவளுக்கு நாக்கு. அவள் தம்பி ஓஸ்வால்டுக்கும் அதே நாக்கு. ஓஸ்வால்டு. ஓல்ட்ஸ். ஓல்ட்ஸ்மொபைல்! வந்துவிட்டது, பார்த்தாயா, ஓல்ட்ஸ்மொபைல், நாலு நாலு ரெண்டு என்று பக்கத்தில் எழுதியிருக்கும். ஒன்றும் ஆகவில்லை, மூளை கல்லு மாதிரி இருக்கிறது. சுருங்கியிருக்காம், சுருங்கி.

நிம்மதி வந்ததும் உடம்பு கனக்கிறது. கனக்கட்டும், தூங்கவில்லையே, அடுக்களைச் சத்தம் நன்றாகக் கேட்கிறதே. சரக் சரக்கென்று ஒரே சீராக, பிஸ்டன் தலையில் படிந்த கரியைப் பையன்கள் சுரண்டுகிற சத்தம், துறைமுகத்தில் கப்பல் நிற்கிறது, எஞ்சின் ஓய்ந்திருக்கிறது. ஓய்ந்திருக்கும்போதுதான் கவனமாக இருக்க வேண்டும். ஓடுகிற எஞ்சினுக்கு நோய் வராது, சும்மா கிடக்கிற எஞ்சினுக்குத்தான் வரும், ஒரே இடத்தில் கனம் உட்கார்ந்து தண்டு வளைந்துபோகும், அதனால் சின்ன மோட்டாரைப் பூட்டி மெள்ள மெள்ளத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில்தான் வீட்டுக் கார்களுக்கும் மாதத்தில் முதல் வெள்ளிக்கிழமை பூசைக்குப் போய்வந்ததும் சக்கரத்தைக் கால் சுற்று நகர்த்தி வைப்பார், இல்லாவிட்டால் இந்த ஊர் வெக்கைக்கு ரப்பர் ஒரே பக்கம் இளகித் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். சும்மா நிற்கவே விடக்கூடாது. மனுஷனையும்தான். செகண்ட் எஞ்சினியர் மேலே ஏணியில் நின்று கூப்பிடுகிறார், கலிஸ்டஸ், வாட்ச் டூட்டி உன்னுடையது, எழுந்து வா, திருப்பு. வருகிறேன் சார். கால் தகட்டில் படுகிறது, எஞ்சின் ரூம் தகடு சுடத்தானே வேண்டும், இது என்ன குளிர்ச்சியாக இருக்கிறது, சிமெண்டுத் தரை மாதிரி. சரி, எஞ்சின் ஓய்ந்து நாளாயிருக்கும். கண்ணாடிக் கதவு ஒன்று வழுக்கிக்கொண்டு போகிறது, அளவுமானிகளுக்கு மேல் போட்ட கண்ணாடி. கையில் இரும்பு, குளிர்ந்த இரும்பு, நல்ல கனம், ஆனால் எவ்வளவு சிறிசாகிவிட்டது, இந்த எஞ்சினையா ஏணி போட்டு ஏறினோம். மெள்ள. பூப்போல. பெர்க்மான்ஸ் அண்ணன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார், நல்ல கப்பல் தம்பி என்கிறார், சாப்பாடு நல்லாருக்கும் என்கிறார், அவர் எப்படி எஞ்சின் ரூமுக்குள் வந்தார், அவர் கப்பலே ஏறினவர் இல்லையே, பள்ளிக்கூடத்து வாத்தியார். திருப்பியாச்சா? திருப்பியாச்சு சார். போய் உட்காரு. சாய்வு நாற்காலியின் கட்டை முதுகில் இடிக்கிறது, சரக் சரக், சரக் சரக், தூங்கவில்லை, சத்தம் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது.

துருவல் நின்றது. கலிஸ்டஸ் ஒற்றைக் கண்ணைக் கொஞ்சமாகத் திறந்தார். சன்னல் வெயில் அலமாரியின் கீழ்த்தட்டுக்கு இறங்கியிருந்தது. மேல்தட்டில் மஸ்டாங், கமாரோ, செவெல், ஓல்ட்ஸ்மொபைல், பாரகுடா, ஜி.டி.ஓ. ஓரத்தில் இரண்டு சிவப்பு விளக்கு. சார்ஜர் சுவரைப் பார்த்து நின்றது. அப்புறம்தான் அந்தச் சந்தோஷம் வந்தது, உள்ளங்காலிலிருந்து கிளம்பி வந்தது. தூங்கவில்லையே! முழித்துக்கொண்டுதானே கிடந்தார்! மத்தியானம் பூரா கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு சத்தத்தையும் கேட்டுக்கொண்டு கிடந்தவர் எப்படிப் போய்த் திருப்பியிருக்க முடியும்? அவர் இல்லை. வேறு ஆள். கண்ணை மூடியிருந்த நேரத்தில் பூனை மாதிரி வந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள், அடுக்களையில் இருப்பவளைத் தவிர யார் இருக்கிறார்கள் இந்த வீட்டில். அவர் இல்லை, அண்ணன் இல்லை, அப்பா இல்லை, சுருங்கவில்லை ஒன்றும் இல்லை. மூச்சை உள்ளே இழுத்தார். தவசுகாலத்திலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் ஒரே மூச்சாக வெளியே வந்தது.

"எவட்டி என் வண்டியத் தொட்டது!"

சன்னல் கம்பி அதிர்ந்தது. அடுக்களையில் என்னவோ விழுந்தது. பிலோமி கையெல்லாம் தேங்காய்ப் பூவோடு ஓடி வந்தாள், வாசல்படியில் நின்றாள், அவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து முகம் சிவக்க நிற்பதைப் பார்த்தாள். அவள் கண் அலமாரிப் பக்கம் போகவே இல்லை. அவரையேதான் பார்த்தாள்.

"கத்துதிய," என்றாள்.

"கத்தாம? கொஞ்சுவாங்களா? வண்டியத் திருப்பித் திருப்பி வச்சா எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? எத்தன நாளா நடக்கு இந்தக் கூத்து?"

"ஐயோ மாதாவே, கத்துதாரு." பிலோமி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை, மூக்கு வழிகிறது, புறங்கையால் துடைத்து மூக்கெல்லாம் தேங்காய். "நாந்தாங்க. நாந்தான் வச்சேன். தெரியுமா தெரியாதாங்கதத்தான பாத்தேன். பெர்க்மான்ஸ் அத்தானுக்கு ஆனது ஒங்களுக்கும் ஆயிருமோன்னு எனக்குக் கெடந்து அடிச்சிக்கிட்டு. அன்னைக்கு ஒரு நாளு எலிசா அக்கா பேர மறந்துட்டு முழிச்சியள்லா, அதுல இருந்து எனக்குத் தூக்கம் இல்ல. காரத் தொட்டா நீங்க சும்மா விட மாட்டிய, நல்லா இருந்தா கத்துவிய, அதான் திருப்பி வச்சேன். நீங்க கத்தவே இல்ல. நேராக்கி வச்சிட்டு வந்து காப்பி கேக்கிய. எனக்கு ஈரக்கொல நடுங்கிட்டு."

"நீயா," என்றார் கலிஸ்டஸ். "கள்ளச் சிறுக்கி. நீயா." மறுபடியும் நாற்காலியில் விழுந்தார். "நான் என்னைய நெனச்சிட்டேன்ட்டி. நானே எந்திச்சிப் போயி வைக்கேன்னு நெனச்சிட்டேன். அதாலதான் வாயத் தொறக்கல. யாரு எடுத்தான்னு அண்ணன் கேட்ட மாதிரி கேட்டுட்டா நீ பயந்துருவியேன்னு."

"நீங்க கேக்கலன்னுதான நான் பயந்தேன்!"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், அப்புறம் சிரித்தார்கள். கலிஸ்டஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், இத்தனை மாசமும் ஒரே வீட்டில் இரண்டு முட்டாள்கள் ஒருத்தருக்கு ஒருத்தர் பயந்துகொண்டு காப்பி குடித்திருக்கிறார்கள், இதை வெளியே சொன்னால் வெட்கக்கேடு. பிலோமி சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். மகளுக்குச் சொல்ல வேண்டும், முதல் காரியம் அதுதான், பாவம் அது அங்கே லீவு போட்டுக்கொண்டிருக்கும். கலிஸ்டஸ் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, உடம்பு முழுவதும் பரவுகிற அந்த லேசை அனுபவித்துக்கொண்டு கிடந்தார். காது மட்டும் திறந்திருந்தது.

"ஜெசி, அப்பாவுக்கு ஒண்ணும் இல்லட்டி. ஒண்ணுமே இல்ல. இப்பப் போட்டாரு பாரு ஒரு சத்தம், ஒனக்கு மதுரைக்கே கேட்டிருக்கும். ஆமா, கார்தான். எல்லாம் தெரிஞ்சிருக்கு மக்கா, அம்புட்டையும் மனசுக்குள்ளயே வச்சிருந்திருக்காரு. நான் தவசுகாலத்தோட விட்டுட்டேன்லா, ஈஸ்டருக்கப்புறம் அந்த அலமாரிப் பக்கமே நான் போகல, ஒனக்குத்தான் தெரியுமே. இம்புட்டு நாளு கழிச்சி இன்னைக்குக் கேக்காரு பாரு. நீ வர வேண்டாம் மக்கா, வீணா எதுக்கு லீவு போடுத."

கலிஸ்டஸ் கண்ணைத் திறக்கவில்லை. ஈஸ்டர் சித்திரையில் வந்தது. இது ஆடி. ஈஸ்டருக்கு அப்புறமும் பாரகுடா மறுபடி திரும்பி நின்றிருக்கிறது, செவெல் நின்றிருக்கிறது, கமாரோ. போன வாரம் மஸ்டாங். இன்றைக்குச் சார்ஜர். தரையின் குளிர்ச்சி இன்னும் உள்ளங்காலில் இருந்தது. பிலோமி போனில் சிரித்துக்கொண்டிருந்தாள், எவ்வளவு நாள் கழித்துச் சிரிக்கிறாள், அந்தச் சிரிப்பை அப்படியே விட்டுவிடலாம். இன்றைக்கு ஒரு நாள் விட்டுவிடலாம். எழுந்துபோய் அவள் பார்க்குமுன் காரை நேராக்கிவிட்டால் போதும், காப்பி கேட்டால் போதும், கொடுத்துவிடுவாள், முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கக்கூட மாட்டாள். எலிசா மதினி செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடியும் உள்ளே வந்தாளே. அவளுக்கு யாரும் முன்னாடியே சொல்லவில்லை. ஒரு நாள் விளக்கு வைக்கிற நேரத்தில் தானாகத்தான் தெரிந்துகொண்டாள்.

எழுந்தார். நாற்காலிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார், நாலு எட்டில் பிலோமியிடம் போனார், அவள் தோளில் ஒரு கையை வைத்து மற்றொரு கையால் போனை வாங்கினார். அவள் சிரிப்பு முகத்தோடு நிமிர்ந்து பார்த்தாள்.

"ஜெசி," என்றார். கனைத்துக்கொண்டார். "நீ நாளைக்கே வா மக்கா. நான் வாரேன் ஒங்கூட. அம்மா ஈஸ்டரோட விட்டுட்டா. இன்னைக்குத் திருப்பி வச்சது நாந்தான்."